அடைப்புக்குறிக்குள் 4,679 கால்கள்

மார்ச் 3

நாத்தனாருக்கு,

இனிமே உன்கிட்ட பேச மாட்டேன்னு போன வருஷம் மே மாசம் சொன்னேன். அதுல மாற்றம் இல்லை. எழுத மாட்டேன்னு சொல்லலை. அதனால எழுதறேன். படிச்சிட்டு உடனே போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன்.

விஷயம் இதுதான். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஷூ பட்டறைக்கு நீ ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தியே, அது ஓடற கம்ப்யூட்டர் இப்போ காலைல கண் முழிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்குது. உன் அண்ணனோட ஒரே அறையில வச்சது தப்பு.

ஆஸ்பத்திரி கால் பிரிவுலேர்ந்து லெட்டர் வந்திருக்கு. அவங்க அனுப்பற ஆட்களுக்கு ஷூ தைக்க நாம எடுத்து வச்ச கால் அளவுப் பதிவெல்லாம் மே மாசத்திலேர்ந்து அவங்க புது கம்ப்யூட்டர்ல திறக்கணுமாம். ஏப்ரல் 28 பரீட்சை. அவங்க இஷ்டத்துக்கு ஐம்பது பேரோட பதிவை எடுப்பாங்க. பழைய கம்ப்யூட்டர்ல இருக்கறது ஒரு பிரதி, புதுசுல வர்றது ஒரு பிரதி. ரெண்டு பேர் உட்கார்ந்து ரெண்டையும் சத்தமா படிச்சு ஒத்துப் பார்ப்பாங்க. இடைவெளி முன்னே பின்னே இருக்கலாம். ஒரு சொல்லோ எண்ணோ மாறிச்சுன்னா மொத்த வேலையும் ஒரு மெஷின் கம்பெனிக்குப் போயிடும். அங்கே காலை ஒரு பெட்டிக்குள்ள விட்டா அதுவே அளந்துக்குமாம். இங்கே ஒன்பது பேர் இந்த வேலையை நம்பி இருக்கோம்.

அந்தக் கம்பெனி ஆள் ஒருத்தர், டை கட்டினவர், போன வாரம் வந்தார். நம்ம ஃபைல் ஒண்ணைத் திறந்து பார்த்துட்டு, "என்ன மேடம் ஒரே அடைப்புக்குறியா இருக்கு, யாராவது கீபோர்டு மேல உட்கார்ந்துட்டாங்களா?"ன்னு சிரிச்சார். எனக்கும் பதினாலு வருஷமா அதே சந்தேகம்தான். ஆனா வெளியாள் கேட்டதும் பத்திக்கிட்டு வந்தது.

"வெறும் செருப்புத்தானே அண்ணி, பழசைத் தூக்கிப் போடுங்க"ன்னு சொன்னவகிட்ட கேட்க எனக்கு இஷ்டமே இல்லை. ஆனா அந்தக் குறிகளைப் போட்டவளுக்குத்தான் அவிழ்க்கவும் தெரியும். 2,340 பேர், 4,679 கால். ஒருத்தருக்கு ஒண்ணுதான்.

ஃபைலெல்லாம் இத்தோட அனுப்பியிருக்கேன்.

அண்ணி


மார்ச் 7

அன்புள்ள அண்ணி,

பத்து மாதம் கழித்து உங்கள் மெயில். ஆபீசில் திறந்தேன். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று பக்கத்து சீட்காரி கேட்டாள். அந்த அளவுக்கு முகம் போயிருக்கிறது. "அண்ணி எழுதியிருக்காங்க" என்றேன். "ஐயோ" என்றாள். உங்களைப் பற்றி நான் என்னவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

போன் பண்ணவில்லை. கை மூன்று தரம் போனது. நானே அதை அடித்து இழுத்துவிட்டேன்.

டை கட்டினவர் பாவம், விவரம் தெரியாதவர். அந்த அடைப்புக்குறிகளைவிட எளிமையான ஒன்று உலகத்தில் கிடையாது. பட்டறையில் பெட்டிக்குள் பெட்டி அடுக்குவீர்களே, அதேதான். இதில் இரண்டே விஷயம்தான் உண்டு. ஒன்று, தனிச் சொல்லோ எண்ணோ. இல்லையென்றால் ஒரு பெட்டி. பெட்டிக்குள்ளே சொல்லும் இருக்கலாம், இன்னொரு பெட்டியும் இருக்கலாம். அவ்வளவுதான் சாஸ்திரம்.

(கால் 812
  (வலது (நீளம் 24.50) (அகலம் 9.8))
  (இடது ()))

இதைப் படிக்கத் தெரிந்த ஒரு புரோகிராம், திருப்பி எழுதத் தெரிந்த ஒரு புரோகிராம். இரண்டும் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் கேட்கிற உருவத்தில் கொடுத்துவிடலாம். திறக்கும் குறியைப் பார்த்தால் புதுப் பெட்டி. உள்ளே இருப்பதைப் படிக்க அதே புரோகிராம் தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும். மூடும் குறியைப் பார்த்தால் வெளியே வந்துவிடும். எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எதில் எழுதப்போகிறேன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். நானே சொல்கிறேன். ஆபீசில் இன்சூரன்ஸ் படிவங்களுக்காகத் தினமும் ஒரு மொழியில் மாரடிக்கிறேன். வீட்டில், இஸ்திரி போடுகிற மேஜையில் உட்கார்ந்து, எனக்குப் பிடித்த இன்னொரு மொழியில் எழுதுகிறேன். அதில் எல்லாமே சார்புகள்தான், ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைத் திருப்பித் தருகிற சின்னக் கணக்குகள். ஒரு மதிப்பைச் செய்துவிட்டால் அதை மாற்றவே முடியாது. வேண்டுமானால் அதைப் பார்த்துப் புதிதாக இன்னொன்று செய்துகொள்ளலாம். என் அண்ணனையும் மாற்ற முடியாதுதான். ஆனால் நீங்கள் புதிதாக இன்னொன்று செய்துகொள்ளாமல் காலத்தை ஓட்டிவிட்டீர்கள்.

முதல் முயற்சி அந்த ஒற்றைக்கால்காரரிடமே தடுக்கி விழுந்தது என்பதை மட்டும் ரகசியமாகச் சொல்லிவிடுகிறேன். காலிப் பெட்டியும் பெட்டிதான் என்று சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டேன். இப்போது சொல்லிவிட்டேன்.

உங்கள்
நாத்தனார்

பி.கு. அண்ணன் தைத்து அனுப்பிய இந்த வருஷத்து ஷூ வந்தது. என் குட்டைக் கால் இவ்வளவு சுகமாக இருந்ததே இல்லை. லிஃப்ட் கண்ணாடியில் பார்த்தேன், யாரோ நிமிர்ந்த பொம்பளை நிற்கிறாள். அவரிடம் என் நன்றியைச் சொல்லுங்கள். அவரிடம் மட்டும்.


மார்ச் 17

நாத்தனாருக்கு,

உன் புரோகிராம் எழுதிக் கொடுத்ததை அச்செடுத்தேன். ஒரே வரி. ஒரு ஆளோட ரெண்டு காலும் ஒரே வரியில ரயில் மாதிரி போகுது. தோல் வெட்டறவர் காகிதத்தை மேஜையோட நீளத்துக்கு ஒட்டி, குனிஞ்சுக்கிட்டே நடந்து படிச்சார். பாதி தூரத்துல இடுப்பு பிடிச்சுக்கிச்சு. "அக்கா, இதைப் படிச்சு முடிக்க எனக்கே ஒரு ஷூ தேவைப்படும்"ங்கறார்.

எழுதத் தெரியும்னு சொன்னே. இது எழுதறது இல்லை, கொட்டறது.

ஷூ விஷயம் உன் அண்ணன்கிட்ட சொன்னேன். "நான்தானே"ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டார்.

அண்ணி


மார்ச் 23

அண்ணி,

தோல் வெட்டுபவரின் இடுப்புக்கு என் மன்னிப்பு.

படிப்பது சுலபம், எழுதுவதுதான் வித்தை என்று இந்த வாரம் தெரிந்துகொண்டேன். இது எங்கள் ஆபீஸ் மீட்டிங்குக்கும் பொருந்தும்: கேட்டதைப் புரிந்துகொள்கிறோம், திருப்பிச் சொல்லச் சொன்னால் கொட்டுகிறோம்.

இப்போது புது ஏற்பாடு. ஒவ்வொரு பெட்டியையும் எழுதுமுன் ஒரு கேள்வி: வரியில் மிச்சம் இருக்கிற இடத்தில் இது முழுசாக அடங்குமா? அடங்கினால் அப்படியே எழுது. அடங்காவிட்டால் வரியை உடைத்து, உள்ளே இருப்பதை இரண்டு எழுத்து தள்ளி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுது. உள்ளே இருக்கும் பெட்டிக்கும் அதே கேள்வி. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் மொத்தமே பதினேழு வரி. பெருமையில் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பதினேழு வரியையும் பார்த்துவிட்டு, "சட்டை இஸ்திரி போட இந்த மேஜை எப்போ கிடைக்கும்?" என்று கேட்டார்.

சோதனையும் வைத்துவிட்டேன். படித்து, எழுதி, எழுதினதைத் திரும்பப் படித்து, முதலில் படித்ததும் இரண்டாவதாகப் படித்ததும் ஒன்றா என்று ஒப்பிட்டேன். 2,340-க்கு 2,340! அண்ணி, நூற்றுக்கு நூறு! நான் பள்ளிக்கூடத்தில்கூட வாங்காத மார்க். டை கட்டினவரை முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள்.

உங்கள்
வெற்றி வீராங்கனை


ஏப்ரல் 2

நாத்தனாருக்கு,

வரியெல்லாம் அழகா இருக்கு. மறுக்கலை. பத்து ஃபைலை எடுத்து நானும் தையல்காரம்மாவும் பழசையும் புதுசையும் ஒத்துப் படிச்சோம்.

வலி எங்கே போச்சு?

607-ல, "; பாட்டு டீச்சர். வலது சுண்டுவிரல் பக்கம் தையல் வரக்கூடாது, துடிச்சுப் போயிடுவாங்க"ன்னு இருந்தது. உன்னுதுல இல்லை. 1,120-ல, "; வலிக்கலைன்னுதான் சொல்லுவார். வாயைக் கேட்காதே, முகத்தைப் பார்த்து அள"ன்னு இருந்தது. இல்லை. 1,877-ல என் கையால நான் எழுதினது: "; சர்க்கரை. ஆணி குத்தினாலும் இவருக்குத் தெரியாது. அடியில ஆணியே வேண்டாம், ஒட்டு மட்டும்." அதுவும் இல்லை. அந்த ஃபைலை நம்பி யாராவது ஆணி அடிச்சா அந்த மனுஷனுக்குக் காலே போயிடும்.

நீளம் இருக்கு, அகலம் இருக்கு. கால்தான் இல்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னாடி நான் கேட்டேன், வலியை எங்கே எழுதறதுன்னு. "அதுக்கெல்லாம் இடம் வைக்கலை அண்ணி, ஒரு அரைப்புள்ளி போட்டு என்ன வேணா எழுதிக்கோங்க, அந்த வரி முடியற வரைக்கும் கம்ப்யூட்டர் கண்டுக்காது"ன்னே. சரிதான். நீயும் கண்டுக்கலை.

இன்னொண்ணு. 24.50 எல்லாம் 24.5 ஆயிருக்கு. 24.50ன்னா காலைக் கவ்விப் பிடிச்சு அளக்கற காலிப்பர்ல அளந்தது. 24.5ன்னா டேப்புல அளந்தது, திரும்ப அளக்கணும்னு அர்த்தம். இது இங்கே பெருக்கறவங்களுக்குக்கூடத் தெரியும்.

நூத்துக்கு நூறுன்னு யார் போட்டா? நீயே கேள்வி எழுதி, நீயே பதில் எழுதி, நீயே திருத்தினியா?

அண்ணி


ஏப்ரல் 5

அண்ணி,

ஆமாம். நானே கேள்வி எழுதி, நானே திருத்தினேன்.

படிக்கும்போதே குறிப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்: அரைப்புள்ளியைப் பார்த்தால் வரி முடியும்வரை தாண்டிப் போ. இரண்டு தரமும் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சம் இருப்பது ஒன்றாகத்தானே இருக்கிறது என்று கைதட்டிக்கொண்டேன். தொலைத்த பொருளைப் பற்றி அந்தச் சோதனை எப்படிச் சொல்லும்? அதற்குத் தெரியவே தெரியாதே, அண்ணி.

எண்ணுக்கும் அதே கதை. எண் என்று நினைத்து எண்ணாக மாற்றினேன். அதனால் கடைசி சைபர் உதிர்ந்துவிட்டது. இனி எழுதியிருப்பதை எழுதியபடியே வைத்துக்கொள்வேன். 24.50 என்பது அளவு மட்டும் இல்லை, யார் எதைக் கையில் பிடித்து அளந்தார்கள் என்பதும்கூட என்று பெருக்குகிறவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் நான் நீளத்துக்கு இடம் வைத்தேன், அகலத்துக்கு இடம் வைத்தேன், ஷூ லேஸின் நிறத்துக்குக்கூட இடம் வைத்தேன். வலிக்கு வைக்கவில்லை. அதை நினைத்துக்கொண்டே ஆபீசில் டீயில் உப்பைப் போட்டுக் குடித்தேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இனி குறிப்பும் பெட்டியில் ஒரு பொருள். சொல், பெட்டி என்று இரண்டுதான் உண்டு என்று பெரிதாக எழுதினேனே, மூன்றாக மாற்றிவிட்டேன். இதில் ஒரு நல்லது. நான் எழுதினதைச் சரிபார்த்து ஓட வைக்கிற கம்பைலர், இந்த மொழியில் என் மாமியார் ஜாதி: ஒன்றைச் சேர்த்தால், அதை எங்கெல்லாம் கவனிக்கவில்லையோ ஒவ்வொரு இடமாகச் சுட்டிக்காட்டி, சரிசெய்யும்வரை சோறு போடாது. ஒன்பது இடத்தில் திட்டு வாங்கினேன்.

ஒரு வாரம் கொடுங்கள்.

நாத்தனார் (பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்)


ஏப்ரல் 14

அண்ணி,

நல்ல செய்தி: எல்லாக் குறிப்பும் வருகிறது. சோதனையையும் மாற்றிவிட்டேன். இப்போது பழைய ஃபைலில் உள்ள எழுத்தையும் புதிதாக எழுதின எழுத்தையும், இடைவெளியை மட்டும் ஒதுக்கிவிட்டு, நேருக்கு நேர் ஒப்பிடுகிறேன். இரண்டும் ஒன்றுதான். பாட்டு டீச்சர் பத்திரமாகத் துடிக்கிறார்.

கெட்ட செய்தி: எழுதினதைத் திரும்பப் படிக்கச் சொன்னால் 312 ஃபைல் மூட மாட்டேன் என்கிறது. "பெட்டி மூடவில்லை, பெட்டி மூடவில்லை" என்று ஒரே புலம்பல். எண்ணிப் பார்த்தேன். திறந்த குறியும் மூடிய குறியும் சரிக்குச் சரி இருக்கின்றன. கண்ணுக்கு முன்னால் மூடியிருக்கிறது, படித்தால் மூடவில்லை! மற்ற 2,028 ஒழுங்காக இருக்கின்றன. இந்த 312 மட்டும் எனக்கென்று வந்து வாய்த்திருக்கிறது.

இன்னும் பதினாலு நாள். இரண்டு நாள் லீவு போட்டேன். "என்ன காரணம்?" என்று மேனேஜர் கேட்டார். "கால் வலி" என்றேன். 4,679 கால் என்று சொல்லவில்லை.

உங்கள் 1,877-ஐ இத்தோடு அனுப்புகிறேன். நீங்கள் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை, எனக்கும் புலம்ப ஓர் ஆள் வேண்டும். பட்டியலில் முதலில் நிற்பது ஃபைல் எண் 1. புரோகிராமைச் சோதிக்க அன்றைக்கு என் காலையே அளந்தீர்களே, அது. என் கால் காத்திருக்கட்டும், ஆஸ்பத்திரிக்காரர்களை முதலில் பார்க்கிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 17

வாயாடி,

1,877-ஐ அச்செடுத்து சிவப்புப் பென்சிலோட உட்கார்ந்தேன். கடைசி வரியில இப்படி இருக்கு:

(அடி ஒட்டு ; சர்க்கரை. ஆணி குத்தினாலும் இவருக்குத் தெரியாது. அடியில ஆணியே வேண்டாம், ஒட்டு மட்டும்.)))

அரைப்புள்ளிக்கு அப்புறம் வரி முடியற வரைக்கும் கம்ப்யூட்டர் கண்டுக்காதுன்னு நீதானே சொன்னே? அப்போ அதே வரியில கடைசியில நிக்கற மூணு மூடற குறியை மட்டும் எப்படிக் கண்டுக்கும்? அதையும் சேர்த்துத்தானே காதுல வாங்காம போயிடும்?

பழைய ஃபைல்ல நாங்க குறிப்பு எழுதினா எண்டர் தட்டிட்டு அடுத்த வரியிலதான் மூடுவோம். ஏன்னு தெரியாது, பழக்கம். நீ இடம் மிச்சம் பிடிக்கறேன்னு எல்லாத்தையும் ஒரே வரியில இழுத்து உட்கார வச்சிருக்கே. குறிப்பு பெட்டியோட கடைசியில வர்ற இடத்துல மட்டும்தான் இந்தக் கோளாறுன்னு நினைக்கறேன். நடுவுல வந்தா நீயே வரியை உடைக்கறே.

குரூப் போட்டோ எடுக்கும்போது உன்னை எங்கே நிக்க வைப்போம்? வரிசையோட கடைசியில. ஏன்? உனக்கு அப்புறம் யார் நின்னாலும் அவங்க பேசறது யார் காதுலயும் விழாது. அதேதான். குறிப்புன்னா வாயாடி. வாயாடிதான் வரியோட கடைசி ஆள். அவளுக்குப் பின்னாடி யாரும் நிக்கக்கூடாது, அடுத்த ஆள் கீழ் வரிசைக்குப் போகணும்.

ஃபைல் 1-ஐ நீ திறக்க வேண்டாம். பரீட்சைக்கு அது தேவையும் இல்லை. அப்படியே விட்டுடு.

அண்ணி


ஏப்ரல் 21

அண்ணி!

முதலில் வேலை. உங்கள் மெயிலைப் படித்துவிட்டு இஸ்திரி மேஜையிலேயே தலையை முட்டிக்கொண்டேன். முப்பது வருஷமாகப் புரோகிராம் எழுதுகிறேன். ஷூ தைக்கிற நீங்கள் சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிட்டீர்கள். என் கண், குறியைக் குறியாகப் பார்த்தது. அது குறிப்பின் வயிற்றுக்குள் போய்விட்டதைப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு விதி சேர்த்தேன். குறிப்பு உள்ள பெட்டி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஒரே வரியில் அடங்காது. குறிப்புக்குப் பின்னால் வரி உடையும், மூடும் குறி கீழே இறங்கும். புரோகிராமில் அந்த விதிக்கு "வாயாடி" என்றே பெயர் வைத்திருக்கிறேன். காலத்துக்கும் இருக்கட்டும்.

2,340-க்கு 2,340. இந்தத் தடவை இரண்டு சோதனையும்: எழுத்துக்கு எழுத்து ஒன்று, திரும்பப் படித்தாலும் ஒன்று. ஓட்டி முடிந்ததும் எழுந்து நின்று கத்தினேன். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார். அதையும் கைதட்டலாகவே எடுத்துக்கொண்டேன்.

இனி மற்றது. திறக்காதே என்று சொன்னால் நான் திறக்க மாட்டேனா? என்னை எத்தனை வருஷமாகத் தெரியும் உங்களுக்கு?

(கால் 1 ; நாத்தனார். சோதனைக்கு அளந்தது
  (வலது (நீளம் 23.60))
  (இடது (நீளம் 23.10) (குதிகால்-ஏற்றம் 14)
    ; 14 மில்லி வேணும். ஆனா ஏத்தினது தெரிஞ்சா போட மாட்டா, ரோஷக்காரி
    ; 11-ல ஆரம்பி. மூணு நாலு வருஷத்துக்கு ஒரு மில்லி
    ; நான் தைச்சேன்னு சொல்லாதே. அவ அண்ணன் தைச்சதா சொல்லி அனுப்பு
    ; இந்த வருஷம் பேச்சு இல்லை. இருந்தாலும் 14 ஆச்சு. அனுப்பு
  ))

பதினாலு வருஷம் அண்ணி. ஒவ்வொரு ஷூவும் நீங்கள். என் அண்ணன் பதினாலு நன்றியை வாங்கிக் காலரைத் தூக்கிவிட்டிருக்கிறான்! அந்த லிஃப்ட் கண்ணாடியில் நின்ற நிமிர்ந்த பொம்பளையை நீங்கள் மில்லி மில்லியாகச் செய்திருக்கிறீர்கள், அவளுக்கே தெரியாமல்.

"வெறும் செருப்பு" என்று போன வருஷம் சொன்னேன். ஆபீசில் அன்றைக்கு ஒரு மோசமான நாள், அதற்கு நடுவில் உங்கள் போன் வந்தது, அதனால்தான் என்று எனக்கு நானே காரணம் சொல்லி வந்தேன். காரணம் கிடக்கட்டும். அதைச் சொன்னபோது என் காலில் உங்கள் ஷூதான் இருந்தது. நேராக நின்றுகொண்டு சொல்லியிருக்கிறேன்.

தப்பு என்னுடையது. வெறும் செருப்பு இல்லை, அண்ணி.

28-ம் தேதி வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன். கைவிரல் பத்து, மிச்சம் எட்டு.

நாத்தனார்


ஏப்ரல் 28

வாயாடிக்கு,

சாயந்திரம் அஞ்சு மணி. இப்போதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தோம். காபி ஆறிக்கிட்டிருக்கு, ஆறட்டும். நீ நகத்தை முழுசா தின்னு முடிக்கறதுக்குள்ள எழுதிடறேன்.

நீளமான அறை. ஒரு பக்கம் கால் டாக்டர், ஒரு பக்கம் டை கட்டினவர், நடுவுல ரெண்டு கிளார்க்கம்மா. ஒருத்தர் பழைய பிரதி, ஒருத்தர் புதுப் பிரதி. மாத்தி மாத்தி சத்தமா படிக்கறாங்க. நானும் தையல்காரம்மாவும் சுவத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கோம். உன் அண்ணன் வாசல்ல நின்னு வேண்டிக்கிட்டிருந்தார். நின்னுக்கிட்டே தூங்கினார்னும் சொல்றாங்க.

முதல் இருபது ஃபைல் சரியாப் போச்சு. 607 வந்தது. பாட்டு டீச்சர் சுண்டுவிரலைப் படிச்சதும் கிளார்க்கம்மா ஒருத்தர் மெதுவா தன் காலை உள்ளே இழுத்துக்கிட்டார். 1,877 வந்தது. மூணு குறியும் கீழ் வரியில சமத்தா நின்னுச்சு. எனக்குக் கை தட்டணும் போல இருந்தது.

முப்பத்தி நாலாவது ஃபைல், எண் 1,455. கிளார்க்கம்மா படிக்கறாங்க: "அரைப்புள்ளி. டாக்டர் எழுதின அளவை நம்பாதே. அவர் கையெழுத்துதான் புரியாதுன்னா எண்ணும் தப்பு. நானே திரும்ப அளந்தேன்."

எல்லாரும் கால் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் எழுதினதுதான், ஆறு வருஷம் முன்னாடி. பழையதுல இருந்தா புதுசுலயும் இருக்கணும்னு நான்தானே உன்னைப் பிடிச்சு உலுக்கினேன்! இன்னொரு கிளார்க்கம்மா தன் காகிதத்தைப் பார்த்துட்டு, சின்னக் குரல்ல, "அப்படியேதான் இருக்கு சார்"ன்னாங்க. டை கட்டினவர் சிரிப்பை அடக்கத் தண்ணி குடிச்சார்.

டாக்டர் எழுந்து போய் தன்னோட பழைய நோட்டை எடுத்துட்டு வந்தார். புரட்டினார். கண்ணாடியைக் கழட்டினார். திரும்பப் போட்டார். "வலதையும் இடதையும் மாத்தி எழுதியிருக்கேன்மா"ன்னார். "இவர் அன்னிக்கு ஷூ போட்டு நடந்தே வந்தார். நான் என் சாமர்த்தியம்னு நினைச்சேன்." அப்புறம் டை கட்டினவரைப் பார்த்து, "உங்க பெட்டி அளக்கும் சரி. என்னை நம்பாதேன்னு எழுதி வைக்குமா?"ன்னு கேட்டார். "அதுக்கு இடம் ஒதுக்கலை சார்"ன்னார் அவர். எங்கேயோ கேட்ட பதில் மாதிரி இருந்தது, உன்னை நினைச்சுக்கிட்டேன்.

ஐம்பதுக்கு ஐம்பது. வேலை நம்மகிட்டேதான். அது மட்டும் இல்லை, அவங்க புதுக் கம்ப்யூட்டர்லயும் ஒவ்வொரு காலுக்கும் ஒரு குறிப்பு எழுத இடம் வைக்கணுமாம், டாக்டர் உத்தரவு. கையெழுத்து போட்டுக் கொடுத்தார். அதுவும் புரியலை.

தோல் வெட்டறவர் பட்டறை வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தார். நான் ஐந்து விரலைக் காட்டி, அப்புறம் சைபர் காட்டினேன். இடுப்பு வலி இருக்கற மனுஷன் எப்படி அப்படிக் குதிச்சார்னு தெரியலை. இங்கே இப்போ ஒரே கூச்சல். உன் பேரைச் சொல்லித்தான் கத்தறாங்க. நான் தடுக்கலை.

உன்னை ஏமாத்தினது பத்தி எழுதியிருந்தே. அதுக்கு நான் வருத்தப்படலை. நேரா நிக்கறே இல்லே?

ஃபைல் 1 இத்தோட அனுப்பறேன். பழைய குறிப்பெல்லாம் எடுத்துட்டேன், அதுக்கு இனிமே வேலை இல்லை. உன் புரோகிராம்லயே படி.

(கால் 1 ; வாயாடி
  (வலது (நீளம் 23.60))
  (இடது (நீளம் 23.10) (குதிகால்-ஏற்றம் 14)
    ; இனிமே என் பேர்லயே அனுப்பு
    ; நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நானே போன் பண்ணுவேன்
    ; எடுக்கணும்
  ))

அண்ணி


ஏப்ரல் 28, இரவுச் சாப்பாட்டுக்கு முன்

அண்ணி,

படித்தேன். ஒரு சொல் மாறாமல், ஓர் எண் மாறாமல் திருப்பி எழுதியிருக்கிறேன். கடைசியில் ஒரு வரி கூடியிருக்கிறது. பரீட்சை விதிப்படி அது தப்பு. கிளார்க்கம்மாக்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

(கால் 1 ; வாயாடி
  (வலது (நீளம் 23.60))
  (இடது (நீளம் 23.10) (குதிகால்-ஏற்றம் 14)
    ; இனிமே என் பேர்லயே அனுப்பு
    ; நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நானே போன் பண்ணுவேன்
    ; எடுக்கணும்
    ; ஒன்பது மணிக்கே ஷூவைப் போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் நிற்பேன்
  ))